‘பணிவுடன்’ என்று எழுதாத மருதமுத்து

மருதமுத்து அண்ணன் இறந்த செய்தி, ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்கு நான் கிளம்பிக்கொண்டிருந்தபோது வந்தது. அவர் மனைவி சரோஜா, கொடைக்கானல் மலையில் இருக்கும் மன்னவனூரிலிருந்து பேசினாள். “டீச்சர், காரட்டுக்குத் தண்ணி பாய்ச்சப் போனவரு வரப்புலயே உக்காந்துட்டாரு டீச்சர், எந்திரிக்கவே இல்ல” என்றாள். மேற்கொண்டு கேட்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. அந்த மேட்டில் கைபேசிக்கு எப்போதும் பாதி உயிர்தான். செண்பகனூர் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு ஏழெட்டு முறை திரும்பக் கூப்பிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரு பெண் குரல், சற்று நேரம் கழித்து முயலுங்கள் என்று மரியாதையாகச் சொன்னது. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. முந்தின வியாழக்கிழமைதான் அவரோடு சண்டை போட்டிருந்தேன். அந்தச் சண்டை முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மதுரையிலிருந்து நம் நண்பர்கள் நான்கு பேர் காரில் கிளம்பினார்கள். பாதி வழியில் ஒருவர் என்னை அழைத்தார். “டீச்சர், மலை ஏற இ-பாஸ் எடுக்கணுமே. எதுக்கு வர்றீங்கன்னு கேக்குது. துக்க வீடுன்னு எங்க போடுறது?” என்றார். எனக்கு என்ன தெரியும்? பதற்றத்தில் அதற்கான கட்டம் அவர் கண்ணில் படவில்லையோ என்னவோ, கடைசியில் சுற்றுலா என்று போட்டுவிட்டு வந்து சேர்ந்தார்கள். வாழ்நாள் முழுவதும் ‘அனுமதி’ என்ற சொல்லோடு மல்லுக்கட்டிய மனிதரின் உடலைப் பார்க்க, அனுமதிச் சீட்டோடு, சுற்றுலாப் பயணிகளாக. அண்ணனுக்கு உயிர் இருந்திருந்தால் நான்கு பேரையும் வாசலில் நிறுத்திவைத்து அரை மணி நேரம் பேசியிருப்பார். அவர் பேசவில்லை. சரோஜா வீட்டுப் பெண்கள் அவர்களுக்குச் சாயத்தண்ணி என்கிற பாலில்லாத தேநீர் கொடுத்து உட்காரவைத்தார்கள்.

நினைவு மலருக்கு எழுதச் சொல்லி நம் மையத்தின் இயக்குநர் சென்னையிலிருந்து கேட்டார். “இன்ஸ்பைரிங்கா இருக்கட்டும் டீச்சர்” என்றார். தனிமனித சுதந்திரத்துக்கும் கட்டற்ற சந்தைக்கும் வாதாடுகிற நம் மையத்தின் மலைக் கிளையில், ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு அறைகளில், ஒன்பது வருடம் அவரும் நானும்தான் உட்கார்ந்திருந்தோம். அவர் கள அமைப்பாளர். நான் தட்டச்சும் மொழிபெயர்ப்பும். என் பெயர் எஸ்தர். நான் ஒரு நாளும் பாடம் நடத்தியவள் இல்லை. ஒரு பள்ளி அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் கடிதம் தட்டினேன், அதனால் ஊரே டீச்சர் என்கிறது. அவரைத் தெரிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். தெரிந்தவர்களிடம் ஜோடனை எடுபடாது. எனக்கு அவர் மேல் கோபம். மையத்தின் மேலும் கோபம். என் மேல் இருக்கும் கோபத்தை அதற்குரிய இடம் வரும்போது சொல்கிறேன்.

முதல் கூட்டத்தைப் பற்றிச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும். பூண்டி கிராமத்தில், பூண்டு விவசாயிகளுக்காகக் கட்டற்ற சந்தை என்றால் என்னவென்று விளக்க ஒரு கூட்டம். நான் அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தேன். பேனர் சென்னையிலிருந்து தயாராகி வந்தது. அங்கே யாரோ ஆங்கிலத்தைப் பார்த்து அப்படியே தமிழாக்கியிருக்கிறார்கள். ‘மாபெரும் இலவசச் சந்தை, அனைவரும் வருக’ என்று ஆளுயர எழுத்தில் இருந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அதை யாரோ கட்டிவிட்டார்கள். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் சாக்கோடும் கூடையோடும் வந்து நின்றார்கள்.

முன்வரிசையில் இரண்டு கோணிப்பைகளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றவள்தான் பாக்கியம். அண்ணன் மைக்கைப் பிடித்து, இங்கே எதுவும் தரப்போவதில்லை, பேச்சு மட்டும்தான் என்று சொன்னதும் அவள் விட்டாள் ஒரு சத்தம். “ஒண்ணும் குடுக்காட்டி எதுக்குய்யா சந்தைன்னு போட்டீக? நான் களையெடுப்ப விட்டுட்டு வந்திருக்கேன். எம் பாதி நாளக் குடுய்யா!” கூட்டம் சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. மைக்கைக் கீழே வைத்துவிட்டு, “தாயி சொல்றது ரொம்பச் சரி. உங்க நேரம் உங்க சொத்து. ஏமாத்தி வாங்கினது எங்க தப்பு” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதற்கப்புறம் எங்கள் கூட்டத்துக்குத் தவறாமல் வந்த ஒரே ஆள் பாக்கியம்தான். அவள் புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். பூண்டு வயலும் வீடும் அவள் பொறுப்பு.

‘தனிமனித சுதந்திரம்’ என்ற சொல்லையும் அந்த ஊர்ப்பக்கம் விற்க முடியவில்லை. மன்னவனூரில் ஒரு பெரியவர் எழுந்து, “தனியா கெடக்குறவனுக்கு மட்டுமா, குடும்பஸ்தனுக்கும் உண்டா?” என்று கேட்டார். அன்றிலிருந்து அண்ணன் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, “அவுகவுக சோலி அவுகவுகளுக்கு” என்று பேச ஆரம்பித்தார். சென்னைக்கு அது பிடிக்கவில்லை. கருத்து நீர்த்துப்போகிறதாம். சென்னைக்குப் பிடிக்காத இன்னொன்றும் உண்டு. கொடைக்கானலில் ஒரு ஹோட்டலில் வேலைக்குப் போக ஆசைப்பட்ட மருமகளை மாமனார் தடுத்தபோது, அண்ணன் அந்த வீட்டுக்கே போய்ப் பேசினார். இது நம் வேலை இல்லை, அரசாங்கக் கட்டுப்பாடுதான் நம் விஷயம் என்று சென்னையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அதை நான் வாசித்துக் காட்டியதும், “சர்க்கார் மட்டுந்தான் தடுக்குமா டீச்சர்? தரகனும் தடுப்பான், மாமனாரும் தடுப்பான். தடுக்குறவன் சட்டையப் பாத்தா சுதந்திரம்?” என்றார். அந்தப் பெண் இன்றும் அந்த ஹோட்டலில் வேலை பார்க்கிறாள். இதையும் மலரில் போடுவீர்கள் என்று நம்புகிறேன்.

அவருக்கு இந்தப் பிடிவாதம் புத்தகத்திலிருந்து வந்ததில்லை. மன்னவனூர் பஸ் பழுதாகி வழியில் நின்ற ஒரு மதியத்தில் அவரே சொன்னார். இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிகளுக்கான வரிசை வீட்டில், பிறந்தவர். இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பிரித்துக்கொண்ட காலத்தில், கப்பலேற்றி ராமேஸ்வரத்தில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து ஒரு காண்ட்ராக்டர் சீகை மரம் வெட்டிப் பட்டை உரிக்க என்று குடும்பம் குடும்பமாக இந்த மலைக்கு ஏற்றிவந்தார். வந்த அன்றே எல்லோருடைய குடும்பக் கார்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று வாங்கிக்கொண்டார். அப்புறம் கடைத்தெருவுக்குப் போகவும் கேட்க வேண்டும், காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவும் கேட்க வேண்டும். “எங்கப்பா துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு அந்த ஆளுக்கு முன்னுக்கு நிப்பாரு டீச்சர். ‘போகலாங்களா தொர’ன்னு கேப்பாரு. அவன் நல்ல மூடுல இருந்தா தலைய ஆட்டுவான். நாம கேட்டதாலதான் டீச்சர் அவனுக்கு இல்லைன்னு சொல்ற உரிமையே வந்துச்சு. கேக்காம நடந்திருந்தா அவன் ஓடியாந்து புடிச்சிருப்பான், ஆனா புடிக்கிறவன்னு ஊருக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றார். பிற்பாடு யாரோ வழக்குப் போட்டு விடுவித்தார்களாம். விடுவித்த அன்றும் வரிசையில் நிற்கவைத்துப் பெயர் கூப்பிட்டார்கள் என்பதில் அவருக்குக் கடைசிவரை வருத்தம்.

எந்த அலுவலகத்தில் வரிசையைப் பார்த்தாலும், “பெரட்டுக்கு நிக்கிறாங்க” என்பார். தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணுவதற்கு நிற்கவைப்பதற்குப் பெரட்டு என்று பெயர்.

அதனால் அவர் எழுதச் சொல்லும் மனுக்கள் மனு மாதிரியே இருக்காது. முதலில் ‘மனு’ என்ற சொல்லே கூடாது. ‘அனுமதி வழங்குமாறு மிகவும் பணிவுடன் வேண்டுகிறேன்’ என்று நான் தட்டிக்கொண்டுபோய் வைப்பேன். அவர் சிவப்புப் பேனாவால் ‘அனுமதி’யை அடிப்பார், ‘வழங்குமாறு’வை அடிப்பார், ‘பணிவுடன்’ என்பதை இரண்டு கோடு போட்டு அடிப்பார், ‘வேண்டுகிறேன்’ என்பதையும் அடித்துவிட்டு, மேலே ‘தெரிவித்துக்கொள்கிறேன்’ என்று எழுதுவார். கடைசியில் ‘தங்கள் உண்மையுள்ள’ என்று இருக்கும். “நான் எனக்கு உண்மையா இருந்தாப் போதாதா?” என்று அதையும் அடிப்பார். எனக்கு இருபத்தாறு வருடப் பழக்கம். என் விரல் என்னைக் கேட்காமலே ‘பணிவுடன்’ என்று தட்டிவிடும். ஒவ்வொரு கடிதத்துக்கும் இரண்டு தாள் வீண்.

சிரிப்பாகத்தான் இருந்தது, பாக்கியத்தின் கடிதம் வரைக்கும்.

பாக்கியத்தின் வீட்டில் ரோட்டைப் பார்த்த மாதிரி இரண்டு அறைகள் சும்மா கிடந்தன. பூண்டியைப் பார்க்க வருகிறவர்களுக்கு அவற்றை வாடகைக்கு விட்டு, சாப்பாடும் சமைத்துப் போடலாம் என்று அவளுக்கு யோசனை. எங்களிடம் வந்து கேட்டாள். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. சுதந்திரம் என்று நாம் பேசுவதெல்லாம் இதுதானே, இவள் வீடு, இவள் சமையல், இவள் விருந்தாளி என்று அறைக்குள் நடந்துகொண்டே இருந்தார். உட்கார்ந்து கடிதம் சொன்னார். ‘என் வீட்டில் உள்ள இரண்டு அறைகளில் வெளியூர் விருந்தினர்களைத் தங்கவைக்கத் தொடங்குகிறேன் என்பதைத் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.’ அவ்வளவுதான் கடிதம். பொருள் என்ற இடத்தில், ‘தகவல் தெரிவித்தல் தொடர்பாக.’ பாக்கியம் கையெழுத்துப் போட்டாள். அண்ணனே கொண்டுபோய், விடுதிகளுக்கு அனுமதி தரும் அரசு அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கி வந்தார்.

கொஞ்ச நாள் கழித்து, கடிதம் என்ன ஆயிற்று என்று போனில் விசாரித்தார். எழுத்தர் கோப்பைப் பார்த்து, “தகவல், மேல்நடவடிக்கை தேவையில்லைன்னு குறிப்புப் போட்டாச்சு சார்” என்றார். அண்ணன் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. “டீச்சர், ஜெயிச்சிட்டோம்! நாம மேற்கொண்டு எதுவும் செய்யத் தேவையில்லைன்னு அவங்களே எழுதிட்டாங்க!” என்றார். கீழே பேக்கரிக்குப் போய்ச் சுடச்சுட பன் வாங்கிவந்தார். சென்னைக்குச் செய்தி போயிற்று. ஒரு குடிமகள் அனுமதி கேட்காமல் தகவல் மட்டும் சொல்லித் தொழில் தொடங்கினாள் என்று மையத்தின் இதழில் முழுப்பக்கம் வந்தது.

என் மேல் கோபம் என்று சொன்னேனே, அதற்கு இடம் இதுதான். அந்தக் குறிப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இருபத்தாறு வருடம் அலுவலகத்தில் குப்பை கொட்டியவளுக்குத் தெரியாதா? மேல்நடவடிக்கை தேவையில்லை என்றால், இந்தத் தாளை யாரும் இனிமேல் படிக்க வேண்டாம், கட்டி மூலையில் போடு என்று அர்த்தம். அவர்கள் அனுமதி கொடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கேட்டால்தானே? நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அவர் கையில் பன்னோடு அவ்வளவு சந்தோஷமாக நின்றார். நானும் ஒரு பன்னை வாங்கித் தின்றுவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன்.

பாக்கியத்தின் அறைகள் நன்றாகவே ஓடின. வந்தவர்கள் அவள் சமையலைப் புகழ்ந்தார்கள். அறையெல்லாம் பூண்டு வாசனை அடிக்கிறதே என்று மட்டும் சிலர் முகம் சுளித்தார்கள். “பூண்டிக்கு வந்துட்டுப் பூண்டு வாடை அடிக்குதுன்னா எப்பிடிங்க?” என்று அவள் திருப்பிக் கேட்பாளாம். வாசனைக்குக் காரணம் இருந்தது. இரண்டாவது அறைக்கு மேலேதான் பரண். அடுத்த நடவுக்கான விதைப்பூண்டை அவள் கட்டுக்கட்டாக அங்கேதான் தொங்கவிடுவாள். பரணுக்கு ஏணி அந்த அறைக்குள்ளிருந்துதான்.

ஒரு நாள் மூன்று பேர் வந்து, அனுமதியில்லாமல் இயங்கும் தங்கும் விடுதி என்று நோட்டீஸ் ஒட்டி, இரண்டு அறைகளையும் பூட்டி அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பாக்கியம் வயலில் இருந்தாள். ஓடிவந்து பார்த்தபோது வேலை முடிந்திருந்தது.

நாங்கள் மூவரும் அலுவலகத்துக்குப் போனோம். எழுத்தர் கெட்ட மனிதர் இல்லை. கோப்பை எடுத்து எங்கள் கடிதத்தையே திருப்பிக் காட்டினார். “நீங்க கேக்கவே இல்லையே சார். தெரிவிச்சீங்க, தெரிஞ்சுக்கிட்டோம்” என்றார். பாக்கியம், “உள்ள வெதைப்பூண்டு கெடக்குங்கய்யா. காத்துப் படாம மூடிக் கெடந்தா முளைச்சிரும், பூசணம் பூத்துரும்” என்று சொன்னாள். அதிகாரி, உள்ளே இருக்கும் பொருளை எடுக்க வேண்டும் என்றால் பணிவாக ஒரு மனு கொடுங்கள், ஒரு நாள் திறந்துவிடச் சொல்கிறேன் என்றார். ‘பணிவாக’ என்றுதான் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை எல்லாம் வேறு மாதிரி போயிருக்கும்.

வெளியே வந்ததும் அண்ணன், “மனு கெடையாது” என்றார். அன்று மாலையே சென்னையிலிருந்து இயக்குநர் பேசினார். வழக்கறிஞர்களைக் கேட்டிருக்கிறார்கள். கெஞ்சி ஒரு மனு கொடுத்துவிட்டால், அனுமதி தேவை என்று நாமே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும், வழக்கு பலவீனமாகிவிடும். “நம்மகிட்ட இருக்கிறதுலயே நல்ல கேஸ் இது டீச்சர். பாக்கியம் மேடத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க” என்றார். அடுத்த வாரம் ஒரு புகைப்படக்காரர் வந்தார். பூட்டிய கதவுக்கு முன்னால் பாக்கியத்தை நிறுத்தி, சிரிக்காதீங்க, கேமராவைப் பாருங்க, இன்னும் கொஞ்சம் சோகமா என்று படம் பிடித்தார். அது சிறு நூல் ஒன்றின் அட்டையாக வந்தது. பாக்கியத்துக்குப் பத்துப் பிரதிகள் அனுப்பினார்கள். அவளுக்கு அவற்றை என்ன செய்வதென்று தெரியவில்லை.

கதவுக்கு உள்ளே பூண்டு. மலையில் அது மூடுபனிக் காலம். ஒவ்வொரு நாளும் பாக்கியம் ஜன்னல் இடுக்கில் மூக்கை வைத்து மோந்து பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணுவாள். “இன்னைக்கு வாடை மாறுது டீச்சர்” என்பாள். நடவுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. விதை கைக்கு வராவிட்டால் வயல் தரிசு. எனக்கு ராத்தூக்கம் போய்விட்டது. அண்ணனிடம் சண்டை பிடித்தேன்.

“அண்ணே, அது அவ வெதைண்ணே. உங்க கொள்கை இல்ல.”

“அவ வெதைங்கிறதாலதான் டீச்சர் சொல்றேன். அவ பொருள எடுக்க அவ எதுக்குக் கேக்கணும்?”

“கேக்காட்டி அழுகிப்போகும்.”

“அழுகினா அவங்க அழுகவுட்டதா ஆகும். கேட்டுட்டா, நாம தூக்கிக் குடுத்ததா ஆகும். விளங்குதா?”

விளங்கியது. அதுதான் எனக்கு எரிச்சல். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. தப்பில்லாத பேச்சை வைத்துக்கொண்டு பாக்கியம் எதை நடுவாள்? அவளையே கூட்டிவந்து அவர் முன்னால் உட்காரவைத்தேன். “சுதந்திரத்தப் பொறவு பாத்துக்கலாம்ணே. வெதை முளைச்சிரும்” என்றாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, “ஒரு வாரம் பொறு தாயி, கோர்ட்டுல கேட்டுருவோம்” என்றார். ஒரு வாரம் மூன்று வாரமானது. வழக்கு எடுத்துக்கொள்ளப்படவில்லை. ஏன் என்று சென்னையில் யாருக்கும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

அவருக்குத் தெரியாமல் நானே மனுவைத் தட்டினேன். வஞ்சனை இல்லாமல் ‘பணிவுடன்’ போட்டேன். அறியாமல் செய்த பிழையைப் பொறுத்தருளுமாறும் எழுதினேன். பாக்கியத்தைக் கையெழுத்துப் போடச் சொல்லி, அதே எழுத்தரிடம் கொடுத்தேன். இரண்டே நாளில் கதவைத் திறந்துவிட்டார்கள்.

யாரோ சொல்லி அண்ணனும் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். ஏணியில் ஏறிக் கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தார். பாதிக்கு மேல் பச்சை முளை விட்டிருந்தது. சிலது கையில் எடுத்ததும் பொடிந்தது. பாக்கியம் அழவில்லை. முற்றத்தில் சாக்கை விரித்து, நல்லது ஒரு பக்கம், போனது ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டிருந்தாள். போனது குவிந்துகொண்டே வந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் எல்லாமே பிழைத்திருக்கும். அதற்குள் மாலையாகி, மறுபடியும் கதவைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது, “அந்த மனு நகலு இருந்தாக் குடுங்க டீச்சர்” என்றார். கொடுத்தேன். நிதானமாகப் படித்தார்.

“பணிவுடன்னு மூணு எடத்துல போட்ருக்கீங்க.”

“ஒண்ணு பத்தாதோன்னு போட்டேன்.”

மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். “நீங்க செஞ்சதும் சரி. நான் சொன்னதும் சரி” என்றார். என்ன மனிதர்! என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தப்பு செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றே மன்னித்திருப்பேன். இரண்டும் சரி என்றால் அந்தக் குவியல் யாருடைய தப்பு? கேட்டேன். பஸ் வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டார்.

அந்த முறை பாக்கியம் பாதி வயலில்தான் நட்டாள். மீதி நாட்களில் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனாள். அண்ணன் வாரம் ஒரு முறை பூண்டிக்குப் போய் அவளுக்குக் களை பறித்துக் கொடுத்துவிட்டு வந்தார் என்று பிற்பாடு சரோஜா சொல்லித்தான் தெரியும். என்னிடம் மூச்சுவிடவில்லை.

கடைசி வியாழக்கிழமைச் சண்டையும் அதே அறைகளைப் பற்றியதுதான். முறையாக அனுமதிக்கு ஒரு விண்ணப்பம் போட்டுவிடுவோம், வழக்கு எப்போது வருமோ தெரியாது என்று ஒரு கடிதம் தட்டி அவர் முன்னால் வைத்தேன். ‘பணிவுடன்’ என்பதை அடித்தார். நான் திரும்பத் தட்டி வைத்தேன். ‘வேண்டுகிறேன்’ என்பதை அடித்தார். மூன்று தடவை இப்படிப் போயிற்று. “நாற்பது வருஷம் முன்னால உங்கப்பா கேட்டாரு. இது அது இல்லண்ணே!” என்று கத்திவிட்டேன். அவர் அப்பாவை நான் இழுத்திருக்கக் கூடாது. அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, “திங்கக்கிழம பாப்போம் டீச்சர், பஸ்ஸுக்கு நேரமாச்சி” என்று எழுந்தார். திங்கட்கிழமை நாங்கள் அவரை அடக்கம் செய்தோம்.

சென்னையிலிருந்து பெரிய மலர்வளையம் வந்தது. ‘சுதந்திரத்தின் அஞ்சாத குரல்’ என்று ரிப்பனில் இருந்தது. பாக்கியம் அதை ஒரு தடவை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, சரோஜாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பத்து நாள் கழித்து அவள் செண்பகனூரில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். அண்ணனின் நாற்காலியில் உட்கார மனமில்லாமல் ஓரத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். “அந்த ரூமுக்கு ஏதாச்சும் எழுதுங்க டீச்சர்” என்றாள். அந்த வியாழக்கிழமைத் தாளை எடுத்துக் காட்டினேன். நான் எழுதியது இது, அவர் அடித்துவிட்டு எழுதச் சொன்னது இது என்று இரண்டையும் வாசித்தேன். எதைப் போடுவது என்று எனக்கே குழப்பமாக இருந்தது. அவர் சொன்னபடி போட்டால் மறுபடி மூலையில் கட்டிப் போடுவார்கள். என் பழக்கத்தில் போட்டால், அவர் மண்ணுக்குள் போய்ப் பத்தே நாளில் நான் ஜெயித்ததாக ஆகும்.

பாக்கியம் தாளை என் பக்கமே தள்ளிவைத்தாள். “அவுக ஒண்ணு சொல்றாக. நீங்க ஒண்ணு சொல்றீக. மெட்ராசுலருந்து ஒண்ணு சொல்றாக. கையெழுத்து மட்டும் எங்கிட்ட வாங்குறீக. என்ன எழுதணும்னு என்னைய ஒருத்தருங் கேக்கலையே டீச்சர்” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. சும்மா, மழை வருகிற மாதிரி இருக்கிறது என்பதைப் போலச் சொன்னாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தனிமனித சுதந்திரம் என்று ஒன்பது வருடம் பலகை மாட்டி உட்கார்ந்திருந்த இரண்டு பேர், எதிரில் இருந்த ஒரே ஒரு தனிமனுஷியைக் கேட்கவில்லை. சென்னையிலும் கேட்கவில்லை. வழக்கறிஞர்களும் கேட்கவில்லை.

“சரி, நீயே சொல்லு பாக்கியம். என்ன போட?”

“எனக்கு எம் வீடு தெறந்து வேணும். அம்புட்டுத்தேன். வெரசா அடிங்க, பஸ்ஸு போயிரும்.”

‘எனக்கு என் வீடு திறந்து வேண்டும்’ என்று தட்டினேன். தட்டிவிட்டுப் பார்த்தேன். கெஞ்சலும் இல்லை, வெறும் தகவலும் இல்லை. அண்ணன் சிவப்புப் பேனாவால் ஒன்பது வருடம் அடித்த ‘வேண்டுகிறேன்’ என்பதற்குள்ளேயேதான் இந்த ‘வேண்டும்’ இருந்திருக்கிறது. படித்த எங்கள் இருவருக்கும் அது தட்டுப்படவில்லை. நானும் அவளோடு அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் படித்துவிட்டு, இது தகவலா, விண்ணப்பமா, எந்தக் கோப்பில் வைப்பது என்று என்னைக் கேட்டார். பாக்கியம்தான் பதில் சொன்னாள். “அத நீங்க பாத்துக்கங்க. எனக்கு வேணும்.” அவர் ஒரு எண் போட்டு ரசீது கொடுத்தார். பதில் இன்னும் வரவில்லை. அறைகள் பூட்டித்தான் கிடக்கின்றன. எழுதும் இந்த நிமிஷம் வரை எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

மருதமுத்து அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான். இருபத்தாறு வருடம் தானாக ஓடிய என் விரல், இப்போது ‘பணிவுடன்’ என்று தட்டப் போகும்போது நின்றுவிடுகிறது. நின்று, இவள் ஏன் கெஞ்ச வேண்டும் என்று கேட்கிறது. அப்புறம், இவளைக் கேட்டாயா என்று கேட்கிறது. முதல் கேள்வி அவர் தந்தது. இரண்டாவது கேள்விக்கு விலை கொடுத்தவள் பாக்கியம்.